மோசே விட்டுச் சென்ற சொத்து



தோட்டத்தை விட்டு ஒரு குடும்பம் புறப்படுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். லாரியில் கட்டில் ஏறும், அலமாரி ஏறும், அம்மிக் கல்லும் ஏறும். கடைசியாகப் பெரியவர் ஏறுவார். ஏறுவதற்கு முன் ஒருமுறை திரும்பி, வீட்டு வாசலில் தாம் நட்ட முருங்கையைப் பார்ப்பார்; தாம் பால் வெட்டிய நிரைகளைப் பார்ப்பார். ஆயுளில் பாதிக்கு மேல் அந்த மண்ணில் உழைத்தவர். ஆனால் அந்த மண் ஒருநாளும் அவருடையதாக இருந்ததில்லை. 1980-களிலும் 1990-களிலும் எத்தனையோ ரப்பர்க் காடுகள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறியபோது, இந்தக் காட்சி நம் மக்களிடையே பல தடவை நடந்தது.

அந்த நேரத்தில் பெரியவரின் வாயிலிருந்து என்ன சொல் வரும்? சிலர் மண்ணை வாரித் தூற்றுவார்கள். சிலர் பிள்ளைகளைக் குறை சொல்வார்கள். சிலர் ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்து விடுவார்கள். "பிள்ளைகளுக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? சேமநிதியில் வந்த பணமும் கடனுக்குப் போய்விட்டதே!" என்று மனம் நொந்து போவோரும் உண்டு.

நிலமும் பணமும் இல்லாத ஒரு பெரியவர் தம் மக்களுக்கு எதைக் கொடுத்துவிட்டுப் போக முடியும்? இந்தக் கேள்விக்கு வேதாகமத்தில் ஒரு மனிதர் பதில் சொல்லியிருக்கிறார். அவர் பெயர் மோசே.

மலை ஏறுவதற்கு முன்

மோசேயின் கதையை அறியாதவர் குறைவு. எகிப்து தேசத்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்த அடிமை மக்களை விடுவித்து, 40 ஆண்டுகள் வனாந்தரத்தில் வழிநடத்திய தலைவர் அவர். அந்த நாற்பது ஆண்டுகளும் அவருடைய கண் ஒரே இடத்தின்மேல்தான் இருந்தது. யோர்தான் நதிக்கு அப்பால் கிடந்த கானான் தேசமே அந்த இடம்.

ஆனால் அங்கே அவர் போகக் கூடாது என்று ஆண்டவர் சொல்லிவிட்டார். காதேசில் தண்ணீர் இல்லாமல் ஜனங்கள் சண்டைக்கு வந்தபோது, கன்மலையைப் பார்த்துப் பேசும்படி கட்டளை பெற்றிருந்த மோசே, கோபத்தில் அதைக் கோலால் இருமுறை அடித்தார். ஜனங்களையும் கடிந்து பேசினார். அந்த இடத்தின் பெயர் மேரிபா. அன்று ஆண்டவரின் பரிசுத்தத்தை அவர் காட்டத் தவறியதால் அந்தத் தீர்ப்பு வந்தது. பிற்பாடு மோசே கெஞ்சியும் பார்த்தார். இனி இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்ற பதில்தான் கிடைத்தது.

அக்காள் மிரியாம் இறந்துவிட்டாள். அண்ணன் ஆரோன் ஓர் என்னும் மலையில் 123 வயதில் கண் மூடினார். மோசேக்கு வயது 120. அவருக்குக் கெர்சோம், எலியேசர் என இரண்டு பிள்ளைகள் இருந்தும் தலைமை அவர்களுக்குப் போகவில்லை. நூனின் மகன் யோசுவாவுக்குப் போனது. ஆக, விட்டுப் போக நிலம் இல்லை, உட்கார்த்த வாரிசு இல்லை. வேதம் சொல்கிறபடி, இன்றுவரை அவருடைய கல்லறை இருக்கும் இடத்தைக்கூட ஒருவரும் அறியார்.

இந்த நிலையில்தான், எரிகோவுக்கு எதிரே மோவாப் சமவெளியில், மலை ஏறுவதற்கு முன் மோசே வாய் திறந்தார். அவர் சொன்னது உபாகமம் என்னும் நூலில் 33-ஆம் அதிகாரமாக, 29 வசனங்களில் இருக்கிறது. அது முழுவதும் ஆசீர்வாதம்.

கண்டிப்பு முதலில், வாழ்த்து முடிவில்

யாரை வாழ்த்தினார் என்று எண்ணிப் பாருங்கள். தண்ணீருக்கு முணுமுணுத்தவர்கள், மன்னாவைச் சலித்துக்கொண்டவர்கள், வேறொரு தலைவனை வைத்துக்கொண்டு எகிப்துக்கே திரும்புவோம் என்று கிளம்பியவர்கள், கல்லெறியவும் துணிந்தவர்கள். அந்தத் தலைமுறையின் பிள்ளைகள்தாம் இப்போது அவர் முன்னே நின்றார்கள். அவர் தேசத்தை இழந்ததே அந்த ஜனங்களின் சண்டையில் பொறுமை இழந்ததால்தான்.

மோசே அவர்களுடைய குற்றங்களை மறைத்துப் பேசவில்லை. 32-ஆம் அதிகாரத்தில் உள்ள அவருடைய பாட்டில் கடும் கண்டனம் இருக்கிறது. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். 32-இல் கண்டிப்பு, 33-இல் வாழ்த்து, 34-இல் மரணம். சொல்ல வேண்டிய கடுமையைச் சொல்லி முடித்துவிட்டார்; கண் மூடும்போது நாவில் நின்றது ஆசி.

நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக அல்லவா நடக்கிறது? நல்ல சொல்லை மனதுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, கடைசி மட்டும் குறையையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். அப்பா போன பிறகு பிள்ளையின் காதில் ஒலித்துக்கொண்டே இருப்பது எந்தச் சொல்? கடைசியாகக் கேட்ட சொல்தான்.

இன்னொன்றும் உண்டு. ஐந்து ஆகமங்களில் மோசேயைத் 'தேவனுடைய மனிதன்' என்று அழைப்பது இந்த அதிகாரத்தின் தொடக்கத்தில்தான். கடலைப் பிளந்த நாளிலும் அந்தப் பெயர் வரவில்லை. தமக்குக் கிடைக்காததை அடையப் போகிறவர்களை மனமார வாழ்த்திய நாளில் வந்தது.

ஆளுக்கு ஒரு வாழ்த்து

பன்னிரண்டு கோத்திரங்களுக்கும் சேர்த்து "எல்லாரும் நன்றாக இருங்கள்" என்று மோசே பொதுவாகச் சொல்லிவிடவில்லை. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைத்தார். அதன் நிலையையும் தேவையையும் அறிந்தே பேசினார்.

ரூபன் மூத்தவன், தவறு செய்து மூத்தவனுக்குரிய உரிமையை இழந்தவன். அவனுடைய சந்ததி அழிந்து போகாமல் பிழைத்திருக்க வேண்டும் என்பதே முதல் வாழ்த்து. ஜனத்தொகை பற்றிய அடுத்த சொல்லை, குறையாதிருக்கட்டும் என்றும், கொஞ்சமாயினும் பிழைக்கட்டும் என்றும் இரு விதமாக மொழிபெயர்ப்பார்கள். எப்படிக் கொண்டாலும், விழுந்தவனுக்கு முதலில் தேவைப்படுவது உயிரோடு எழுந்து நிற்பதுதான். பெரிய பெருமைகளை அவன்மேல் மோசே சுமத்தவில்லை.

யூதா போருக்கு முன்னே செல்கிற கோத்திரம். அவனுடைய கூப்பிடுதலை ஆண்டவர் கேட்கவும், அவன் தன் ஜனத்திடம் பத்திரமாகத் திரும்பி வரவும் வேண்டினார். காத் கோத்திரத்தார் யோர்தானுக்குக் கிழக்கேயே நல்ல நிலத்தைப் பெற்றுக்கொண்டவர்கள்; ஆனாலும் மற்றவர்களுக்காக ஆயுதம் தரித்து நதியைக் கடக்க ஒப்புக்கொண்டார்கள். தன் பங்கு கிடைத்த பிறகும் சகோதரனுக்காகப் போராடப் போகிறவனை மோசே சிங்கத்துக்கு ஒப்பிட்டார். சங்கத்தில் சேர்ந்து அடுத்தவன் சம்பளத்துக்காகவும் குரல் கொடுத்தவர்களுக்கு இந்த வாழ்த்தின் பொருள் எளிதில் விளங்கும்.

யோசேப்புக்கு வானத்துப் பனியும், ஆழத்து நீரும், சூரியனால் விளையும் பலன்களும், பழமையான மலைகளின் செல்வமும் என்று வரிசையாக வாழ்த்து வருகிறது. முடிவில், முட்செடியில் வாசம்பண்ணினவருடைய தயவு என்று ஒன்றைச் சேர்க்கிறார். எரியும் முட்செடியில்தான் ஆண்டவர் மோசேக்கு முதன்முதலாகத் தரிசனமானார். எண்பது வயதில் கண்ட அந்தக் காட்சியை 120 வயதில் நினைவுகூர்ந்து, தாம் பெற்ற தயவே இவனுக்கும் கிடைக்கட்டும் என்கிறார். விளைச்சல் எல்லாம் இருந்தும் அந்தத் தயவு இல்லாவிட்டால் நிறைவு இல்லை என்று அவர் அறிந்திருந்தார்.

பென்யமீன் கடைக்குட்டி. பிள்ளையைத் தோளில் சுமக்கும் தகப்பனைப் போல ஆண்டவர் அவனைக் காப்பார் என்ற சித்திரம் அவனுக்கு. தாணுக்குப் பாய்கிற சிங்கக்குட்டியின் துணிவு. நப்தலிக்குத் தயவின் நிறைவும் ஏரிக்கரை நாடும்.

சிதறடிக்கும் சொல் சேவையான கதை

லேவியின் வாழ்த்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆதியாகமம் 49-ஆம் அதிகாரத்தில், யாக்கோபு மரணப் படுக்கையில் தம் பிள்ளைகளைக் கூட்டிப் பேசினார். அப்போது சிமியோனையும் லேவியையும் ஒன்றாகச் சேர்த்துக் கண்டித்தார். சீகேம் பட்டணத்தில் அவர்கள் செய்த கொலையை நினைத்து, அவர்களுடைய கோபத்தைச் சபித்தார். அவர்கள் இஸ்ரவேலில் சிதறிப் போவார்கள் என்றார்.

மோசே பிறந்தது அந்த லேவியின் வம்சத்தில்தான். தகப்பன் வழியில் வந்த கடுஞ்சொல் தலைமுறை தலைமுறையாகத் தொடர வேண்டியதுதானா? பொற்கன்றுக்குட்டியின் காலத்தில் ஜனங்கள் வழி தவறியபோது, ஆண்டவர் பக்கம் வந்து நின்றவர்கள் லேவியர். ஆகவே மோசே அவர்களுக்குப் போதிக்கும் பணியையும் ஆராதனைப் பணியையும் வாழ்த்தாக வழங்கினார். யாக்கோபு சொன்னபடி அவர்கள் சிதறத்தான் செய்தார்கள். தனி நாடு கிடைக்கவில்லை. ஆனால் 48 பட்டணங்களில் குடியேறி, எல்லாக் கோத்திரங்களுக்கும் நடுவே வேதத்தைக் கற்பிக்கிறவர்கள் ஆனார்கள்.

'எங்கள் குடும்பமே இப்படித்தான். என் அப்பாவும் குடித்தார், நானும் குடிக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் அன்பர் யாராவது இதைப் படித்தால், லேவியை நினைத்துக்கொள்ளட்டும். பழைய சொல்லை அழிக்க முடியாமல் போகலாம். ஆனால் அதன் திசையை மாற்ற முடியும்.

வெளியே போகிறவனும் வீட்டில் இருப்பவனும்

செபுலோனையும் இசக்காரையும் மோசே ஒரே வாழ்த்தில் இணைத்தார். செபுலோன் வெளியே புறப்பட்டுப் போவதில் மகிழட்டும். இசக்கார் தன் கூடாரங்களில் மகிழட்டும் என்பது அதன் கருத்து. செபுலோன் வாணிபம் செய்து சம்பாதித்து, வேதம் படிப்பதில் காலத்தைச் செலவிட்ட இசக்காரைத் தாங்கினான். அதனால் படிப்பின் பலனில் இருவருக்கும் சம பங்கு என்று யூதர்களிடையே பழைய மரபு ஒன்று உண்டு.

நம் தோட்டங்களில் எத்தனை செபுலோன்கள் இருந்தார்கள்! இருட்டோடு பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, உளியும் வாளியுமாகப் போன அண்ணன்மார். தாங்கள் படிப்பை விட்டு, தம்பியையும் தங்கையையும் பள்ளிக்கு அனுப்பிய அக்காள்மார். தம்பி பட்டம் வாங்கிய நாளில் அண்ணன் மண்டபத்தின் பின் வரிசையில் நின்றிருப்பார். மோசேயின் வாழ்த்தில் அவருக்குப் பின் வரிசை இல்லை. அவர் பெயர்தான் முதலில் வருகிறது.

நாளுக்கு ஏற்ற பெலன்

ஆசேருக்குச் சொன்னது ஏழைகளும் முதியோரும் என்றும் பற்றிக்கொள்ளும் வாழ்த்து. அவன் கால் எண்ணெயில் தோயட்டும் என்றார். ஆசேரின் பங்கு கலிலேயாவின் ஒலிவ மரங்கள் செழிக்கும் பகுதி. வாசல் தாழ்ப்பாள் இரும்பும் வெண்கலமுமாய் இருக்கட்டும் என்றார். அதன் பிறகு, நாட்கள் எப்படியோ அதற்கு ஏற்ற பெலனும் கிடைக்கும் என்று நம்பிக்கை தந்தார்.

பத்து வருடத்துக்கான பெலனை இன்றே மூட்டை கட்டித் தருவதாக அவர் சொல்லவில்லை. இன்றைய நாளுக்கு இன்றைய பெலன். நாளைக்கு நாளைய பெலன். வனாந்தரத்தில் மன்னாவும் அப்படித்தான் விழுந்தது. ஓய்வுநாளுக்கென்று முன்தினம் சேர்த்ததைத் தவிர, மற்ற நாட்களில் மறுநாளுக்கு வைத்தது கெட்டுப் போயிற்று.

இந்த வாழ்த்து பலித்த ஒரு கிழவியைப் புதிய ஏற்பாட்டில் காண்கிறோம். குழந்தை இயேசுவைத் தேவாலயத்துக்குக் கொண்டு வந்தபோது அங்கே இருந்த அன்னாள், ஆசேர் கோத்திரத்தாள். கணவனோடு வாழ்ந்தது ஏழே வருடம். பிறகு விதவை. சுமார் 84 வயதிலும் இரவும் பகலும் தேவாலயத்தை விட்டு நீங்காமல் இருந்தாள் என்று லூக்கா எழுதுகிறார்.

பெயர் விடுபட்டவன்

கூர்ந்து படிக்கிறவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: சிமியோன் எங்கே? இந்த அதிகாரத்தில் அவன் பெயர் இல்லை. வனாந்தரத்தில் எடுத்த முதல் கணக்கில் சிமியோன் கோத்திரத்து ஆண்கள் 59,300 பேர். இரண்டாம் கணக்கில் 22,200 பேர்தான். பிற்பாடு யூதாவின் பங்குக்குள்ளேயே அவர்களுக்கு இடம் கிடைத்தது.

எந்தப் பட்டியலிலும் நம் பெயர் வராத வேதனை நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் மோசே முடிக்கும்போது எல்லாரையும் 'யெஷூரன்' என்ற செல்லப் பெயரால் அழைத்தார். நேர்மையானவன் என்பது அதன் கருத்து. அந்தப் பெயருக்குள் சிமியோனும் அடக்கம். வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தில், 7-ஆம் அதிகாரத்துப் பட்டியலில், முத்திரையிடப்பட்ட கோத்திரங்களில் ஒன்றாகச் சிமியோனின் பெயர் மறுபடியும் வருகிறது.

கிறிஸ்தவ விசுவாசிக்கு இதில் என்ன?

'இவை இஸ்ரவேல் கோத்திரங்களுக்குச் சொன்னவை. நமக்கு என்ன பங்கு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நப்தலிக்குச் சொன்ன ஏரியை நாம் சொந்தம் கொண்டாட முடியாது. ஆசேரின் ஒலிவத் தோப்பும் நமக்கு வராது. ஒரு வசனத்தைக் காட்டி, காணிக்கை போட்டால் வீடு வரும், வாகனம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பி ஏமாற வேண்டாம். மோசேயின் வாழ்த்து அப்படிப்பட்ட வியாபாரம் அன்று. வாழ்த்திய மோசேக்கே ஒரு சாண் நிலம் கிடைக்கவில்லை.

விசுவாசி எடுத்துக்கொள்ள வேண்டியது வாழ்த்தின் அடித்தளத்தை. முடிவில் மோசே, ஆண்டவரே தம் ஜனத்தின் இருப்பிடம் என்றும், என்றும் தளராத கரங்கள் கீழிருந்து தாங்குகின்றன என்றும் சொன்னார். ஆயாக் கொட்டகையில் ஏணையில் தூங்கும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். தன்னைத் தாங்கும் துணியை அது பார்ப்பதில்லை. ஆனால் அதன் முழுப் பாரத்தையும் அந்தத் துணிதான் சுமக்கிறது. வீடு மாறலாம், தோட்டம் விற்கப்படலாம். ஆண்டவரே இருப்பிடம் என்றால் நாம் வீடற்றவர்கள் அல்லர்.

நப்தலி, செபுலோன் நாட்டுக் கரையில்தான், கப்பர்நகூம் ஊரில், இயேசு குடியிருந்து போதித்தார். அவரும் பிரியும்போது வாழ்த்தியே பிரிந்தார். பெத்தானியா அருகே கைகளை உயர்த்திச் சீடர்களை ஆசீர்வதித்தபடியே அவர் எடுத்துக்கொள்ளப்பட்டார் என்று லூக்கா முடிக்கிறார். அந்தச் சீடர்களும் அவரைக் கைவிட்டு ஓடியவர்கள்தாம். பேதுரு அவரை மறுதலித்தவர்தான்.

நம் வீட்டில் இன்று

பெரியவர்களே, நீங்கள் கோயிலுக்குப் போகிறவராக இருந்தாலும் தேவாலயத்துக்குப் போகிறவராக இருந்தாலும், ஒரு வேலை உங்களுக்கு மீதி இருக்கிறது. பிள்ளைகளைத் தனித்தனியே கூப்பிடுங்கள். ஒருவனை மற்றவனோடு ஒப்பிட வேண்டாம். மூத்தவனிடம் மன்னிப்பைச் சொல்லுங்கள். குடும்பத்துக்காகப் படிப்பை விட்டவளிடம் நன்றியைச் சொல்லுங்கள். தலையில் கை வைத்து, அவரவருக்குத் தேவையான ஒன்றை வேண்டி வாழ்த்துங்கள். படுக்கையில் விழும்வரை காத்திருக்க வேண்டாம். மோசே கண் மங்காமலும் பெலன் குறையாமலும் இருந்தபோதே வாழ்த்தினார்.

பிள்ளைகளே, உங்கள் அப்பாவுக்குப் பேச வராவிட்டால் நீங்களாகப் போய்க் கேளுங்கள். "அப்பா, எங்களை ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று பக்கத்தில் உட்காருங்கள். கேட்டுப் பெற்றாலும் ஆசி ஆசிதான்.

மோசே நேபோ மலையில் ஏறினார். அந்த மலை இன்று ஜோர்டான் நாட்டில் இருக்கிறது. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து சவக்கடலும் யோர்தான் பள்ளத்தாக்கும் எருசலேமின் குன்றுகளும் தெரியும். 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் அவர்களும் அங்கே நின்று அந்தத் திசையைப் பார்த்தார். மோசே பார்த்தார், காலடி வைக்காமலே கண் மூடினார். ஜனங்கள் 30 நாள் அழுதார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நெடுங்காலம் கழித்து, இயேசு ஒரு மலைமேல் மறுரூபமானபோது, அவரோடு பேசிக்கொண்டு நின்ற இருவரில் ஒருவர் எலியா, மற்றவர் மோசே. அந்த மலை யோர்தானுக்கு அப்பால், வாக்களிக்கப்பட்ட தேசத்தில் உள்ள தாபோர் என்பது திருச்சபையின் பழைய மரபு. கெஞ்சியும் கிடைக்காத மண்ணில், கேட்காமலே ஆண்டவர் அவரை நிறுத்தினார்.

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும், யாரை முதலில் கூப்பிடப் போகிறீர்கள்?